ஸ்பேஸ் பேஸ்: சிவப்புப் பக்கம் பார்த்து ஆடினால் குடும்பமே உட்காரும்

ஒரு பலகை விளையாட்டு வீட்டில் நிலைக்குமா, அலமாரி மேல் ஏறிவிடுமா என்பது முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். தன் முறை வரும்வரை சும்மா இருக்க வேண்டுமென்றால் பிள்ளைகள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள், பாட்டி கோப்பி கலக்க எழுந்துவிடுவார். ஸ்பேஸ் பேஸ் இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. யார் பகடை உருட்டினாலும் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. பினாங்கில் பள்ளி விடுமுறையில் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டால், சொந்தக்காரப் பிள்ளைகள் நாலு பேரை வீட்டுக்குள் வைத்துச் சமாளிக்க இதைவிட நல்ல பெட்டியை நான் சொல்ல மாட்டேன்.

ஜான் டி. கிளேர் வடிவமைத்து, அமெரிக்காவின் ஏஇஜி நிறுவனம் 2018-ல் வெளியிட்ட ஆட்டம் இது. 2 முதல் 5 பேர் ஆடலாம். பெட்டியில் 14 வயதுக்கு மேல், 60 நிமிடம் என்று போட்டிருக்கும். வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். 12 வரை கூட்டத் தெரிந்த, தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளை தாராளமாக ஆடும். அட்டைகளில் பெரும்பாலும் எண்ணும் குறியீடும்தான் இருக்கும், அதனால் ஆங்கிலம் வாசிக்காத தாத்தா பாட்டிக்கும் தடையில்லை. நேரத்தைப் பற்றித்தான் கொஞ்சம் கவலைப்பட வேண்டும். புதியவர்கள் நாலு பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடியும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

இந்த வகைக்கு 'எஞ்சின் கட்டுவது' என்று பெயர். ஆரம்பத்தில் கையில் ஒன்றும் இருக்காது. கிடைக்கும் சில்லறைக்கு ஓர் அட்டை வாங்குவீர்கள், அது இன்னும் கொஞ்சம் காசு கொண்டுவரும், அந்தக் காசில் பெரிய அட்டை. பகடை எண்ணைப் பார்த்து எல்லாருக்கும் வரவு தரும் முறையை 1995-ல் வந்த காட்டான் என்ற பலகை விளையாட்டு பிரபலமாக்கியது. 2012-ல் ஜப்பானிலிருந்து வந்த மாச்சி கோரோ அதை அட்டை வாங்குவதோடு இணைத்தது. ஸ்பேஸ் பேஸ் அதே பரம்பரை. ஆனால் பழைய அட்டையை என்ன செய்வது என்ற கேள்விக்கு இது சொல்லும் பதில் புதிது, ஆட்டத்தின் உயிரும் அங்கேதான் இருக்கிறது. பிறகு வருகிறேன்.

நம் ஊரில் மோனோபோலி மாதிரியான சைடினா ஆடி வளர்ந்தவர்களுக்கு ஒரு செய்தி: இதில் யாரும் பாதியில் திவாலாகி வெளியே போவதில்லை. அடுத்தவர் காசைப் பறிப்பதும் இல்லை என்றே சொல்லலாம். அண்ணன் தங்கை சண்டை குறையும். சுத்தமாக நிற்காது.

முதல் படி: பரப்புவது

சாப்பாட்டு மேசை போதாது. ஒவ்வொருவர் முன்னாலும் 1 முதல் 12 வரை எண்ணிட்ட கட்டங்களில் பன்னிரண்டு விண்வெளிக் கப்பல் அட்டைகள் ஒரே வரிசையில் நிற்கும், மேசையின் ஒரு பக்கத்தை ஒருவரே பிடித்துக்கொள்வார். நடுவில் சந்தைக்கும் இடம் வேண்டும். தரையில் பாய் விரித்து வட்டமாக உட்காருவதே வசதி. கூரை விசிறியைக் குறைத்து வையுங்கள்.

ஒவ்வொருவரின் பலகையிலும் மூன்று கணக்கு ஓடும்: காசு, வருமானம், புள்ளி. ஒவ்வொன்றையும் ஒரு சின்னக் கட்டை நகர்த்திக் காட்டுகிறோம். இந்தக் கட்டைகள் சமதளத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும், ஒரு முழங்கை பட்டால் எல்லாம் கலைந்துவிடும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பலகைக்கு அடியில் அலமாரியில் விரிக்கும் வழுக்காத ரப்பர் விரிப்பைத் துண்டு போட்டு வைக்கலாம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் 'என் காசு எட்டு, இல்லை ஆறு' என்ற வழக்குக்கும் தீர்ப்பு கிடைக்கும்.

நடுவில் சந்தை: மூன்று நிலை கப்பல்கள், நிலைக்கு ஆறாக, மொத்தம் 18 அட்டை முகம் காட்டி நிற்கும். முதல் நிலை மலிவு, மூன்றாம் நிலை விலை அதிகம். பக்கத்தில் 1 முதல் 12 வரை கட்டத்துக்கு ஒன்றாகக் காலனி அட்டைகள். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவருக்கும் முதல் நிலை அட்டை ஒன்று கிடைக்கும். அதை அதற்குரிய கட்டத்தில் வைத்து, விலையைத் தொடக்கக் காசிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். முதலில் உருட்டுவது யார் என்பதும் அந்த அட்டையைப் பார்த்தே முடிவாகும்.

இரண்டாம் படி: பகடையை வாசிப்பது

விதிகளை முழுவதும் வாசித்துக் காட்டிவிட்டு ஆரம்பிக்காதீர்கள். பகடையை எடுத்து உருட்டுங்கள், உருட்டிக்கொண்டே சொல்லுங்கள்.

இரண்டு பகடை. 4-ம் 3-ம் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வழி உண்டு. கூட்டி 7-ஆம் கட்டத்தின் பலனை எடுக்கலாம், அல்லது பிரித்து 4-ஆம் கட்டம், 3-ஆம் கட்டம் இரண்டின் பலனையும் எடுக்கலாம். உருட்டியவர் எதைத் தேர்ந்தாலும் மற்றவர்கள் அவரவருக்கு ஏற்ற வழியைத் தனியே தேர்ந்துகொள்வார்கள். அக்கா கூட்டலாம், தம்பி பிரிக்கலாம். இரட்டை விழுந்து, உதாரணமாக 3-ம் 3-ம், பிரித்தால் 3-ஆம் கட்டத்தின் பலன் இரண்டு முறை.

உருட்டியவருக்குத் தன் கட்டத்தில் நிற்கும் கப்பலின் நீலப் பலன் கிடைக்கும். மற்றவர்களுக்குச் சிவப்புப் பலன். அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது?

மூன்றாம் படி: வாங்குவதும், பழையதைப் பறக்க விடுவதும்

உருட்டியவர் பலனை வாங்கியபின் ஒரே ஒரு அட்டை வாங்கலாம். ஒவ்வொரு கப்பலிலும் அது எந்தக் கட்டத்துக்குரியது என்று எண் இருக்கும். 5-ஆம் எண் கப்பலை வாங்கினால் 5-ஆம் கட்டத்தில்தான் வைக்க முடியும். அங்கே ஏற்கெனவே நின்ற கப்பலைத் தூக்கி எறிவதில்லை. அதைத் தலைகீழாகத் திருப்பி, அதே கட்டத்தின் மேல் விளிம்பில், சிவப்புப் பகுதி மட்டும் தெரியும்படி பலகைக்கு அடியில் செருகுகிறோம். அந்தக் கப்பல் புறப்பட்டுவிட்டது என்று கணக்கு. இனி அது நம் முறையில் வேலை செய்யாது, அடுத்தவர்கள் உருட்டும்போது மட்டும் வரவு தரும். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளை போல: வீட்டில் இருக்கமாட்டான், பணம் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

ஒரே கட்டத்தில் எத்தனை கப்பல் புறப்பட்டிருந்தாலும் அத்தனையின் சிவப்பும் சேர்ந்தே கிடைக்கும். அதனால் ஒரே எண்ணில் மூன்று நான்கு முறை வாங்கிக் குவிப்பவருக்கு, அடுத்தவர் உருட்டிய பகடையிலேயே கை நிறைந்துவிடும். 'பாட்டி, சிவப்பு பாருங்க, உங்களுக்கும் வருது' என்று பிள்ளைகளே கத்துவார்கள். அப்போது ஆட்டம் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

காசு பற்றிய விதி புதியவர்களைக் கொஞ்சம் உறுத்தும். வாங்கும்போது கையில் உள்ள காசு முழுவதும் போய்விடும், மீதி திரும்பக் கிடைக்காது. 9 காசு வைத்துக்கொண்டு 7 காசு அட்டை வாங்கினால் அந்த 2 காற்றோடு போகும். பிறகு காசு, உங்கள் வருமான எண் வரை ஏறும். வருமானம் 3 என்றால் 3-ல் நிற்பீர்கள், 0 என்றால் வெறுங்கை. வாங்காமல் விட்டால் காசு அப்படியே சேர்ந்து நிற்கும்.

சிக்கனமாக வளர்ந்த பெரியவர்களுக்கு அந்த இரண்டு காசு போவது பொறுக்காது. மீதி வீணாகக் கூடாது என்பதற்காகத் தேவையில்லாத விலை உயர்ந்த அட்டையை எடுப்பார்கள். அதுதான் உண்மையான வீண். சரியான கட்டத்தில் சரியான சிவப்பு வைத்த அட்டை 5 காசுக்கு இருந்தால், கையில் 8 இருந்தாலும் எடுங்கள்.

நான்காம் படி: எண்களின் கணக்கு

இங்கே கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், ஆட்டத்தின் பாதித் திறமை இதில்தான். இரண்டு பகடை விழும் வழிகள் மொத்தம் 36. ஒரு கட்டம் கைக்கு எட்டும் வழிகளை எண்ணிப் பார்ப்போம். 1-ஆம் கட்டத்தைக் கூட்டலால் அடைய முடியாது, ஏதாவது ஒரு பகடையில் 1 விழ வேண்டும். அதற்கு 11 வழி. 2-க்கு அந்த 11-உடன், 1-ம் 1-ம் கூடி 2 ஆகும் ஒரு வழியும் சேர்ந்து 12. இப்படியே 3-க்கு 13, 4-க்கு 14, 5-க்கு 15, 6-க்கு 16. அதற்குப் பிறகு தனிப் பகடை உதவாது, கூட்டல் மட்டும்தான். 7-க்கு 6 வழி, 8-க்கு 5, 9-க்கு 4, 10-க்கு 3, 11-க்கு 2, 12-க்கு ஒன்றே ஒன்று.

ஆக, இரண்டு பகடையைக் கூட்டியே ஆடிப் பழகியவர்கள் நினைப்பதுபோல் நடு எண் 7 இங்கே ராஜா இல்லை. ராஜா 6. ஆறிலிருந்து ஏழுக்குப் போகும்போது வாய்ப்பு 16-லிருந்து 6-க்கு விழுகிறது. அந்தச் சரிவை ஈடுகட்டத்தான் 7-க்கு மேலுள்ள கப்பல்கள் பெரிய பலன் தருகின்றன.

இப்போது நீலத்தையும் சிவப்பையும் வைத்துப் பாருங்கள். நாலு பேர் ஆடுகிறீர்கள், மூன்று சுற்று போகிறது. நீங்கள் உருட்டுவது மூன்று முறை, மற்றவர்கள் ஒன்பது முறை. 6-ஆம் கட்டத்து நீலம் உங்களுக்கு எட்டுவது சராசரியாக ஒன்றேகால் முறைக்குச் சற்று மேல். அதே கட்டத்துச் சிவப்பு எட்டுவது சராசரியாக 4 முறை. நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: சந்தையில் அட்டை பார்க்கும்போது கண் நீலப் பலனுக்குப் போகும், ஏனென்றால் அது பெரிதாக, முன்னால் இருக்கிறது. ஆட்டத்தை நடத்துவது சிவப்பு. நாலைந்து பேர் ஆடும்போது, 'இதைப் பின்னால் பறக்க விட்டால் என்ன தரும்?' என்று கேட்டு வாங்குபவர்தான் பெரும்பாலும் முன்னால் போகிறார். இரண்டு பேர் மட்டும் ஆடினால் நீலமும் சிவப்பும் சரிபாதி, அப்போது நீலத்துக்கும் மதிப்புக் கொடுக்கலாம்.

சிவப்பு விளைய வேண்டுமென்றால் அதன் மேல் இன்னொரு கப்பல் வாங்கியாக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. எல்லாக் கட்டத்திலும் அழகான புதுக் கப்பல் ஒவ்வொன்று நிறுத்தி வைப்பவரின் சிவப்பெல்லாம் தொடக்க அட்டைகளின் சில்லறையாகவே இருக்கும். இரண்டு மூன்று எண்களைத் தேர்ந்து அங்கேயே திரும்ப வாங்குங்கள். 3 முதல் 6 வரை உள்ள எண்களில் இரண்டு, மேலே 7 அல்லது 8-ல் ஒன்று என்பது என் விருப்பம். 11, 12-ல் மட்டும் கட்டுபவர் ஒன்று பிரமாதமாக ஜெயிப்பார், அல்லது மாலை முழுக்க மற்றவர்கள் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். 60 முறை பகடை உருண்டால் 12 விழுவது சராசரியாக ஒன்று அல்லது இரண்டு தடவைதான். பன்னிரண்டு வயசுப் பையன்கள் எல்லாரும் ஒரு முறையாவது இதைச் செய்து பார்ப்பார்கள், விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஏற்றி வைக்கும் கப்பல்கள்

சில கப்பல்கள் உடனே பலன் தராது. அந்த எண் விழும்போது ஒரு சின்னக் கட்டையை அட்டை மேல் ஏற்றி வைக்க வேண்டும், பின்னால் வேண்டியபோது அதை இறக்கி ஒரு விசேஷ வேலை செய்துகொள்ளலாம். பகடை எண்ணை ஒன்று கூட்டிக் குறைப்பது, பக்கத்துக் கட்டத்தின் பலனை எடுப்பது இப்படி. குறியீடுகள் முதல் பார்வையில் புரியாது, உதவித் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆட்டத்தில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த அட்டைகள் சந்தையில் வரும்போது ஒதுக்கிவிட்டு வேறு எடுத்து வையுங்கள். இது விதிப்புத்தகத்தில் இல்லாத வீட்டு விதி. இரண்டாவது ஆட்டத்தில் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஆட்டம் கொஞ்சம் தட்டையாக இருக்கும். எட்டாமல் நிற்கும் 7-ஐ 6-க்கு இழுத்து வரும் சந்தோஷத்தைப் பிள்ளைகள் தவற விடக் கூடாது.

ஆறாம் படி: காசிலிருந்து புள்ளிக்குத் திரும்புவது

யாராவது 40 புள்ளியை எட்டினால் அந்தச் சுற்று முடியும்வரை ஆடி, எல்லாருக்கும் சம முறை கிடைத்தபின் அதிகம் வைத்திருப்பவர் ஜெயிப்பார்.

தோற்பவர்களில் பாதிப் பேர் தோற்பது இங்கேதான். எஞ்சின் கட்டுவதே சுகமாக இருக்கும். காசு கொட்டும், வருமானம் ஏறும், இன்னொரு நல்ல அட்டை, இன்னொன்று. அதற்குள் எதிரில் இருக்கும் அத்தை சத்தமில்லாமல் 30-ஐத் தாண்டியிருப்பார். என் தோராயக் கணக்கு: மேசையில் யாராவது 15 புள்ளியைத் தொட்டால் காசு தரும் அட்டையை வாங்குவதைக் குறையுங்கள், 20-ஐத் தொட்டால் நிறுத்துங்கள். அதற்குப் பிறகு வாங்குவதெல்லாம் புள்ளி தருவதாக, முடிந்தால் சிவப்பிலும் புள்ளி தருவதாக இருக்கட்டும். ஆரம்பத்தில் இதற்கு நேர்மாறு. முதல் நாலைந்து சுற்றில் வருமானம் தரும் மலிவு அட்டைகள் இரண்டு மூன்று இல்லாமல் போனால், ஒவ்வொரு முறையும் வாங்கியபின் வெறுங்கையோடு நிற்பீர்கள்.

காலனி அட்டை இந்தக் கட்டத்தில் வேலைக்கு வரும். வாங்கியவுடனே அதில் எழுதிய புள்ளி மொத்தமாகக் கிடைக்கும். ஆனால் அந்தக் கட்டம் நிரந்தரமாக அடைபட்டுவிடும். அங்கே நின்ற கப்பல் புறப்பட்டுச் சிவப்பாகிவிடும், இனி நீல வரவும் இல்லை, புதிய கப்பலும் வாங்க முடியாது. முன்பே செருகிய சிவப்பெல்லாம் தொடர்ந்து தரும். ஆகவே கடைசி இரண்டு மூன்று முறைகளுக்காக இதை வைத்துக்கொள்வதே நல்லது. இலக்குக்கு நாலைந்து புள்ளி குறைவாக நிற்கும்போது பகடையை நம்பாமல் காசைக் கொடுத்து முடித்துவிடலாம். எண்ணுக்கு ஒரே ஒரு காலனிதான், அதனால் கண் வைத்ததை அடுத்தவர் எடுத்துக்கொள்வதும் நடக்கும்.

கூட்டத்துக்கு ஏற்றபடி

மூன்று அல்லது நாலு பேர் சரியான அளவு. ஐந்து பேரானால் சிவப்பு மழையாகக் கொட்டும், ஆனால் ஒவ்வொருவரும் 18 அட்டையைப் பார்த்து யோசிக்கும் நேரம் கூடிப்போகும். அடுத்து உருட்டப் போகிறவர் இப்போதே சந்தையைப் பார்க்கட்டும் என்று சொல்லி வையுங்கள். முதல்முறை ஆடுபவர்களுக்கு 40-க்குப் பதில் 25 புள்ளி போதும். இதுவும் வீட்டு விதிதான். முதல் இரண்டு சுற்று மெதுவாக, ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அப்போதே 'போர்' என்று எழுந்துவிடும் பிள்ளையைப் பிடித்து உட்கார வையுங்கள், நாலாவது சுற்றில் யாரும் எழ மாட்டார்கள்.

ஆறு வயதுக் குட்டிகளைப் பெரியவரோடு ஜோடி சேர்த்துப் பகடையும் கட்டை நகர்த்தும் வேலையும் கொடுங்கள். கூட்டல் பழக இது நல்ல வழி, அம்மாக்கள் இந்தக் காரணத்துக்காகவே வாங்குவது உண்டு.

குறை சொல்ல வேண்டுமென்றால் விண்வெளிக் கதை மெல்லிசுதான். நீங்கள் ஒரு கப்பற்படைத் தலைவர், அட்டையில் கப்பல் படம், அவ்வளவே. கதையைப் பிள்ளைகள் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள். ஒரு குட்டி தன் படைக்கு டாக்டர் ஷேக் முஸாபரைத் தலைவராகப் போட்டது. 2007 அக்டோபர் 10-ல் சோயுஸில் ஏறிப் போன நம் மலேசியாவின் முதல் அங்காசாவான், அதாவது விண்வெளி வீரர், அவர்தானே. 8-ஆம் கட்டத்துக் கப்பலுக்கு 'பட்டர்வொர்த் ஃபெரி' என்று பேர் வைத்தாகிவிட்டது. அது புறப்படும்போது எல்லாரும் ஹாரன் அடிக்க வேண்டும், விதி.

கதை வேண்டும் என்பவர்களுக்கு 2019-ல் வந்த 'தி எமர்ஜென்ஸ் ஆஃப் ஷை புளூட்டோ' என்ற விரிவுப் பெட்டி இருக்கிறது. கதை அத்தியாயம் அத்தியாயமாகத் திறக்கும், ஒவ்வொன்றிலும் புது அட்டைகள் ஆட்டத்தில் சேரும். 2006-ல் கோள்கள் பட்டியலிலிருந்து இறக்கப்பட்ட புளூட்டோவுக்கு வெட்கப்படாமல் என்ன செய்வது. மூலப்பெட்டியை எல்லாரும் உதவித் தாள் இல்லாமல் ஆடத் தெரிந்தபின் வாங்குங்கள். வாங்கினால் பிள்ளைகளுக்கு முன்னால் பெட்டியைக் கிளறிப் பார்த்துவிடாதீர்கள்.

நம் ஊர் ஈரத்துக்கு அட்டைகள் வளையும். உறை போடலாம், ஆனால் உறை போட்ட அட்டைகளை அடுக்கடுக்காகச் செருகும்போது வழுக்கிக்கொண்டு வெளியே வரும். நான் உறை போடவில்லை. புதுக் காலணிப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை உள்ளே போட்டு, மூடியை இறுக்கி, வெயில் படாத அலமாரியில் வைக்கிறேன். மைலோ குவளைகளைப் பாய்க்கு வெளியேதான் வைக்கச் சொல்ல வேண்டும்.